நன்றி சொல்லாத எஸ்.எம்.எஸ்.

ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. ஷமீம் குனிந்து நுழைந்தான். அம்சவல்லி குனியவில்லை. ஒரு கையால் ஷட்டரை மேலே தள்ளிவிட்டு நிமிர்ந்த தலையோடு உள்ளே வந்தார். மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஜங்ஷன் ரோட்டில் டயர் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் திறந்தவர் அவர். அந்த நிலையத்தின் ஒரே உதவியாளன் ஷமீம். சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். வண்டிக்கு ஓய்வு கொடுத்தான், வாய்க்குக் கொடுக்கவில்லை.

"அக்கா, செருப்பைக் கழட்டிடாதீங்க" என்றான்.

தரை முழுக்கப் பீங்கான் சில்லு. கோப்பைகளுக்குக் காது போயிருந்தது. பொம்மைகளில் பிள்ளையாருக்குத் தும்பிக்கை இல்லை, கிருஷ்ணருக்குப் புல்லாங்குழல் மட்டும் மிச்சம். முன்பக்கக் கண்ணாடி ஷோகேஸ் இருந்த இடத்தில் வெறும் சட்டம் நின்றது. நடுவில் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார் கடை முதலாளி தர்மராஜ். அவருக்கு மேலே, ஒரு கீறல்கூட விழாமல், அவருடைய பெரிய படம் தொங்கியது.

நடந்ததை அவர் சொன்னார். கடைக்குப் பத்தாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை மாலையும் கையுமாக ஷட்டரைத் தூக்கினால் வெளியே ஊரே நின்றது. ஊர் மட்டுமல்ல. பெண்ணாடத்திலிருந்து கரும்பு ஏற்றும் டிராக்டரில் ஏறி வந்திருந்தார்கள். திட்டக்குடி பஸ்ஸில் டாப்பில்கூட இடமில்லை. மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்துகிற ஜனங்கள், அன்று ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டின்னர் செட் கேட்டார்கள். எந்த டின்னர் செட் என்று இவர் கேட்டார். அந்தக் கேள்விதான் கடைசியாகக் காதில் விழுந்தது. அப்புறம் விழுந்ததெல்லாம் பீங்கான்.

வேப்பூரில் ஹைவே ஓரம் இட்லிக்கடை வைத்திருக்கும் தங்கம்மாள் என்ற அம்மாளை யாரோ பின்னாலிருந்து தள்ள, அவர் ஷோகேஸ் கண்ணாடியில் கையை ஊன்றிவிட்டார். வலது உள்ளங்கை கிழிந்து, இப்போது ஆஸ்பத்திரியில் தையலோடு படுத்திருக்கிறார். போலீசில் புகாரும் கொடுத்துவிட்டார். இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு இல்லை என்று சொன்னது யார் என்பது புகார்.

"அந்த எஸ்.எம்.எஸ்ஸை நான் அனுப்பலை மேடம். என் பேர்ல எவனோ அனுப்பிட்டான். சாயங்காலம் ஸ்டேஷனுக்கு ஆளோட வரேன்னு சொல்லியிருக்கேன். ஆளு யாருன்னும் எனக்குத் தெரியும்" என்று தெருவுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார் தர்மராஜ்.

எதிரே ஜமால் முகம்மதுவின் பீங்கான் கடை. இங்கே ஏமாந்த கூட்டம், வந்தது வந்தோம் என்று அங்கே போய்க் காசு கொடுத்துச் சாமான் வாங்கிக்கொண்டு போனதாம். இதைவிட வேறு சாட்சி எதற்கு என்று கேட்டார். நிரூபிக்கிற வேலையை மட்டும் அம்சவல்லி பார்த்தால் போதுமாம். ஷமீமை அவர் ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். 'உங்க ஆளுதானே' என்ற கேள்வி உதடு வரை வந்து திரும்பிப் போனது.

"எனக்கு ஜமால் பாய் சொந்தமில்லைங்க. அவரு கடையில ஒரு தரம் டீ கப்பு வாங்கி, வூட்டுக்குப் போறதுக்குள்ள காது கழண்டுது. உங்களைவிட எனக்குத்தான் அவரு மேல கோவம் ஜாஸ்தி" என்றான் ஷமீம்.

அம்சவல்லி அந்தச் செய்தியைக் காட்டச் சொன்னார். ஷமீம் தன் போனில் எடுத்துக் கொடுத்தான். அவனுக்கும் வந்திருந்தது. அனுப்பியவர் இடத்தில் நம்பர் இல்லை, கடையின் பெயர் இருந்தது. செய்தி இங்கிலீஷ் எழுத்தில் எழுதின தமிழ். அம்சவல்லி கூட்டிக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"அன்புடையீர்! செராமிக் செம்மல் வணிக வேந்தர் ஆ.தர்மராஜ், தர்மராஜ் செராமிக்ஸ் பத்தாம் ஆண்டு விழா. ஞாயிறு காலை முதல் கடைக்கு வரும் அனைவருக்கும் டின்னர் செட் இலவசம்."

படித்துவிட்டு, இந்தச் செம்மலும் வேந்தரும் எப்போது வந்தன என்று கேட்டார். போன வியாழக்கிழமை வந்தன. நகர வணிகர் நற்பணி மன்றம் விழா எடுத்துக் கொடுத்தது. மன்றத்தின் பொருளாளர் யார் என்று ஷமீம் அப்பாவியாகக் கேட்டான். தர்மராஜ் கொஞ்ச நேரம் சில்லுகளைப் பார்த்துவிட்டு, தான்தான் என்றார்.

"அப்ப ஜமால் முகம்மது இல்லைங்க" என்றார் அம்சவல்லி.

"எப்படிச் சொல்றீங்க?"

"உங்களைக் கவுக்கணும்னு நினைக்கிற ஆளு உங்க பேரை மொட்டையா போடுவான். ரெண்டு பட்டத்தையும் முழுசா போட்டிருக்குது. விரோதி இவ்வளவு மரியாதையா எழுத மாட்டான்."

தர்மராஜுக்கு அது பாராட்டா இல்லையா என்று புரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஷமீம் சொன்னான், கடன்காரனும் சொந்தக்காரனும்கூட அப்படி எழுத மாட்டார்கள், அவரே எழுதினால்தான் உண்டு என்று. அம்சவல்லி சிரிக்கவில்லை. ஆனால் அவர் நடையில் கொஞ்சம் வேகம் கூடியதை அவன் கவனித்தான். இத்தனை நாள் பழக்கத்தில் அவனுக்குத் தெரியும், அதுதான் அவருடைய சிரிப்பு.

கடைகளுக்காக ஊருக்கெல்லாம் எஸ்.எம்.எஸ். அனுப்பும் தொழிலைச் செய்தவன் பிரவீன்குமார்; தர்மராஜ் கடையும் அவனிடம்தான். பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு மாடியில், பிரவுசிங் சென்டரின் கடைசித் தடுப்பில், தளிர் மெசேஜ் சர்வீஸ் என்ற போர்டுக்குக் கீழே டை கட்டி உட்கார்ந்திருந்தான். ஃபேன் இல்லாத அறையில் டை கட்டுகிற நெஞ்சுறுதி ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது.

வந்தவர்கள் வாடிக்கையாளர்கள் என்று நினைத்து அவன் பாடத்தை ஆரம்பித்துவிட்டான். நோட்டீஸ் அடித்தால் ஜனங்கள் அதில் வடை மடிப்பார்கள். சுவரில் எழுதினால் அடுத்த கட்சிக்காரன் வெள்ளையடிப்பான். எஸ்.எம்.எஸ். அப்படியில்லை, நேரே சட்டைப் பையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மனைவி எழுப்பி எழுந்திருக்காதவன்கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து பார்ப்பான். யாருக்கு எது தேவையோ அதைத் தேடிப் பிடித்து அனுப்புவதுதான் தங்கள் சிறப்பு என்றான்.

"அப்படியா தம்பி" என்று ஷமீம் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினான். உள்ளே ஒரு முடி இல்லை. "எனக்கு வாரத்துக்கு ரெண்டு தரம் சீப்பு விளம்பரம் வருது. அதுவும் நீதானா?"

பிரவீன்குமார் டையைச் சரிசெய்துகொண்டான். நம்பர்கள் எங்கிருந்து கிடைத்தன என்று அம்சவல்லி விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. ரீசார்ஜ் கடைகள், ஒரு கிளினிக், ஒரு கல்யாண மண்டபம். ரீசார்ஜ் பண்ணப் போனவர்களை யாரும் கேட்கவில்லை. நம்பரைச் சொல்லுங்கள் என்றார்கள், சொன்னார்கள், அவ்வளவுதான். அதில் செத்துப்போனவர்களின் நம்பர்கூட இருப்பதாகவும், அவர்களிடமிருந்து இதுவரை புகார் எதுவும் வந்ததில்லை என்றும் பிரவீன்குமார் பெருமையாகச் சொன்னான்.

பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். அந்த வாரம் தர்மராஜ் கடைப் பெயரில் செய்தி போனது ஒரே ஒரு தடவை. சனிக்கிழமை மாலை. வெளியிலிருந்து யாரும் புகுந்து அனுப்பவில்லை. கடையில் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து, கடையின் பாஸ்வேர்டு போட்டுத்தான் போயிருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆள் கடையில் ஒருத்திதான், கயல்விழி.

அம்சவல்லி இதைப் போனில் சொன்ன அடுத்த நிமிஷமே தர்மராஜ் ஜமால் முகம்மதுவை விடுதலை செய்துவிட்டார். அவருக்குக் குற்றவாளி யார் என்பது முக்கியமில்லை, சாயங்காலத்துக்குள் ஒருவர் வேண்டும். இவர்கள் பிரவீன்குமாரையும் கூட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பியபோது, கயல்விழி கம்ப்யூட்டர் மேஜை ஓரம் நின்றிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். சாப்பாட்டுக் கூடையை இரண்டு கையாலும் மாரோடு அணைத்துப் பிடித்திருந்தாள். சம்பளம் ஏற்றிக் கேட்டாள், இல்லை என்றேன், வஞ்சம் வைத்துச் செய்துவிட்டாள் என்று தர்மராஜ் கடை வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனுக்கும் சொல்லியாகிவிட்டதாம்.

அம்சவல்லி அவரைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் எதிரே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீ என்னம்மா டைப் அடிச்ச?"

"சார் சொன்னதை அடிச்சேங்க."

"முழுசா சொல்லு."

கயல்விழி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அன்புடையீர் முதல் இலவசம் வரை போனில் இருந்ததேதான். ஆனால் அவள் அங்கே நிறுத்தவில்லை. "ஐயாயிரத்துக்கு வாங்கினால். நன்றி" என்று முடித்தாள்.

பொய் என்று தர்மராஜ் வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். அப்படி இருந்தால் போனில் ஏன் இல்லை, இவள் வேண்டுமென்றே அதை விட்டுவிட்டாள் என்றார். ஷமீமுக்கும் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பெண்ணைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அம்சவல்லி ஷமீமின் போனை மறுபடி வாங்கினார். அவன் எதையும் அழிக்கிறவன் இல்லை. தீபாவளிக்கு இதே கடையிலிருந்து வந்த வாழ்த்து அதில் இருந்தது, பொங்கலுக்கு வந்ததும் இருந்தது. இரண்டிலும் செம்மல் இல்லை, வேந்தர் இல்லை. இரண்டும் 'நன்றி' என்று முடிந்தன.

"ஷமீம், இந்தப் பொண்ணு வஞ்சம் வெச்சு அந்த ஐயாயிரத்தை எடுத்துச்சுன்னு வெச்சுக்க. நன்றியை எதுக்கு எடுக்கணும்?"

"சம்பளம் ஏத்தலைல்ல, நன்றி எதுக்குன்னு விட்டிருக்கும்" என்றான் ஷமீம். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே பொறி தட்டியது. தம்மாமில் இருந்தபோது மனைவி முபீனாவுக்கு அனுப்பும் செய்தியை ஒன்றுக்குள் அடக்க அவன் பட்ட பாடு கொஞ்சமா? ஒரு எழுத்து கூடினாலும் இரண்டாவது செய்திக்கும் சேர்த்துக் காசு போகும். "அக்கா, இது எடுத்தது இல்லீங்க. இடம் பத்தாம கீழ விழுந்தது" என்றான்.

அம்சவல்லி தலையை மட்டும் அசைத்துவிட்டு பிரவீன்குமார் பக்கம் திரும்பினார். கயல்விழி சொன்னதை எழுத்து மாறாமல் அப்படியே அடித்து, ஷமீம் ஒருவனுக்கு மட்டும் அனுப்பச் சொன்னார். அவன் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு அடித்தான். ஷமீமின் பையில் சத்தம் கேட்டது. எடுத்துப் படித்தான். டின்னர் செட் இலவசம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

பிரவீன்குமாரின் முகம் வேர்த்தது. ஒரு செய்திக்கு நூற்றி அறுபது எழுத்துதான், அதற்கு மேல் போனால் தங்கள் சிஸ்டம் தானாகவே வெட்டிப் போட்டுவிடும், இதெல்லாம் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே என்றான். பொடி எழுத்தைப் படிக்கிறவன் உன்னிடம் ஏன் வருகிறான் என்று ஷமீம் கேட்டான்.

"இப்ப செம்மலையும் வேந்தரையும் எடுத்துட்டு அனுப்பு" என்றார் அம்சவல்லி.

அனுப்பினான். இந்தத் தடவை ஐயாயிரமும் வந்தது, நன்றியும் வந்தது. வாசலில் கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்க்கடையிலிருந்து ஜமால் முகம்மதுவும் துண்டால் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். முதலில் அடித்த செய்தி ஒழுங்காகத்தான் இருந்தது, பட்டம் வந்ததும் அதை முன்னால் செருகச் சொன்னார்கள், செருகினதில் வால் அறுந்துபோனது, அவ்வளவுதான் நடந்தது என்று அம்சவல்லி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

தர்மராஜ் லேசில் விடவில்லை. குறையோடு போனதென்று தனக்கு எப்படித் தெரியும், தெரிந்திருந்தால் தடுத்திருக்க மாட்டேனா, டைப் அடித்தவள்தானே பார்த்திருக்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார்.

"உங்க போனைக் குடுங்க" என்றார் அம்சவல்லி.

ஊரிலேயே விலை கூடின போன் அது. கொடுக்க அவருக்கு மனமில்லை, ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது கொடுக்காமலிருக்கவும் முடியவில்லை. எந்தச் செய்தி போனாலும் முதல் காப்பி முதலாளிக்குத்தான் போகும் என்று பிரவீன்குமார் உதவிக்கு வருவதாக நினைத்துச் சொன்னான். போயிருந்தது. சனிக்கிழமை மாலையே வந்து, திறக்கப்பட்டும் இருந்தது. அம்சவல்லி கொடுத்ததை வாங்கி, அனுப்பிய செய்திகளைத் தேடிய ஷமீம் விசிலடிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டான்.

தர்மராஜ் அந்தச் செய்தியை அன்று இரவே தன் கையால் இருபது முப்பது பேருக்கு அனுப்பியிருந்தார். பெண்ணாடம் மச்சானுக்கு, சம்பந்திக்கு, மன்றத்துத் தலைவருக்கு. வரிசையில் ஒரு பெயரைப் பார்த்துவிட்டு ஷமீம் தலையை நிமிர்த்தினான்.

"பாய், உங்களுக்கு வந்துச்சா?"

ஜமால் முகம்மது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்தது என்றார். ஊருக்கே டின்னர் செட் கொடுக்கப் போகிறார், எப்படியும் பத்தாமல் போகும், மிச்சக் கூட்டம் நம் பக்கம் வரும் என்று அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு லோடு கூடுதலாக இறக்கி வைத்ததாகவும் சொன்னார். "பட்டம் வாங்கினதை எனக்கும் மறக்காம சொல்லியிருக்காரேன்னு சந்தோஷப்பட்டேன். வாழ்த்துக்கள்னு பதில்கூடப் போட்டேனே."

தர்மராஜ் தன் போனை வாங்கி அந்தச் செய்தியைப் பார்த்தார். திரையில் தெரிந்தது முதல் மூன்று வரி. அன்புடையீர், செம்மல், வேந்தர், அவர் பெயர். அதற்குக் கீழே படிக்க ஒரு பட்டனை அழுத்த வேண்டும். சனிக்கிழமை அவர் அழுத்தவில்லை. படிக்க வேண்டியது எல்லாம் மேலேயே இருக்கிறது என்று நினைத்திருந்தார். இப்போது அழுத்தினார். கடைசி வரி வரை போய், அங்கேயே நின்றார். கூட்டத்தில் யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

அன்று மாலை அவரே ஸ்டேஷனுக்குப் போய், செய்தி தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தார். தங்கம்மாளின் வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொண்டார். கயல்விழியின் பெயரை மறுபடி அங்கே எடுக்கவில்லை. அம்சவல்லி பக்கத்தில் நின்றதால்கூட இருக்கலாம்.

ஆனால் அதற்கு முன்பே, கடையில் கூட்டம் கலைந்தபோதே, கயல்விழி கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நாளைக்கு வருவாயா என்று தர்மராஜ் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஷமீமுக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேந்தரை வைத்து இன்னும் ஒரு வாரத்துக்கு ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அம்சவல்லி அவனை விட்டுவிட்டு, சாலையைக் கடந்து அந்தப் பெண்ணைப் பிடித்தார். பின்னாலேயே ஓடிப் போன ஷமீம், அவர் கேட்ட கேள்வியில் அப்படியே நின்றான்.

"கட் ஆவும்னு உனக்குத் தெரியும், இல்ல?"

கயல்விழி மறுக்கவில்லை. கூடையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே சொன்னாள். டைப் அடிக்கும் கட்டத்துக்குக் கீழே ஒரு எண் குறைந்துகொண்டே வரும். செம்மலையும் வேந்தரையும் சேர்த்ததும் அது மைனஸில் போய்விட்டது. இடம் போதாது, பின்னால் இருப்பது விழுந்துவிடும் என்று அவரிடம் சொன்னாள். பட்டத்தில் மட்டும் கை வைக்காதே, மற்றதை நீ பார்த்துக்கொள் என்றார்.

"பத்தாம் ஆண்டை எடுத்திருக்கலாம். அன்புடையீரை எடுத்திருக்கலாம். நான் எடுக்கலைங்க. வியாழக்கிழமை விழாவுல அத்தினி பேரு முன்னாடி என்னைக் காட்டி, இதுக்கு டைப்பு அடிக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னு சிரிச்சாரு. சரின்னு டைப்பு மட்டும் அடிச்சேன்."

"கூட்டம் வரும்னு தெரியும்."

"தெரியும். அவரு திண்டாடட்டும்னு நினைச்சேன். ஒரு அம்மா கையைக் கிழிச்சுக்கும்னு நினைக்கலைங்க."

ஏட்டாக இருந்தவர் அவளைத் திரும்பவும் கடைக்கு இழுத்துப் போவார் என்று ஷமீம் பயந்தான். அம்சவல்லி ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஸ்டேஷன்ல சொல்ல வேண்டியதை அந்த ஆளு சொல்லுவாரு. நீ சொல்ல வேண்டிய இடம் வேற. ஏறு."

தங்கம்மாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கை மடியில் கிடந்தது. கடையை மூடிவிட்டு வந்த கவலைதான் அவருக்கு. லாரிக்காரர்கள் இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் அடுத்த கடையில் நிறுத்தப் பழகிவிடுவார்கள் என்று பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் புலம்பிக்கொண்டிருந்தார். அம்சவல்லியும் ஷமீமும் வார்டு வாசலிலேயே நின்றுகொண்டார்கள். கயல்விழி மட்டும் உள்ளே போய், கட்டில் ஓரம் நின்று, எண் மைனஸில் போனது வரை எதையும் மறைக்காமல் சொன்னாள்.

தங்கம்மாள் கேட்டு முடித்ததும் அவளை மேலும் கீழும் பார்த்தார். திட்டுவார் என்று ஷமீம் எதிர்பார்த்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாரோ என்றுகூட நினைத்தான். அவர் இரண்டும் செய்யவில்லை.

"டைப்பு அடிப்பே, சரி. மாவு கரைப்பியா?"

"தெரியாதுங்க."

"அடுப்பு பத்த வைக்க?"

"கேஸ் அடுப்புதாங்க தெரியும்."

"என்னுது விறகு" என்றார் தங்கம்மாள். "நாளைக்கு என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. கை ஆற மட்டும் கடையில நான் வாயால சொல்லுவேன், நீ கையால செய்யணும். வேப்பூருக்கு மொத பஸ்ஸு இருட்டோட கிளம்பும். வந்துடுவியா?"

கயல்விழி கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்துடறேங்க."